ஜிம்ப்: மயிற்பீலியின் ஓரத்தை எப்படி வெட்டுவது?

வணக்கம். மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் குழுவின் சுவரொட்டியை ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் செய்து பழகுகிறேன். இலவசம் என்றுதான் தொட்டேன். இப்போது விட மனமில்லை.

காவடிப் படத்தின் பின்னணியை அழித்தால், அடியில் வைத்த கோர் த கார்த் மலையின் படம் தெரியாமல் வெறும் வெள்ளைதான் வந்தது. காவடிப் பட அடுக்கில் (லேயர்) ஆல்ஃபா சேனல், அதாவது எந்த இடம் ஒளி ஊடுருவ வேண்டும் என்று குறிக்கும் தடம், சேர்த்ததும் அது தீர்ந்தது. ஆனால் மயிற்பீலியின் ஓரமெங்கும் பழைய வானத்தின் நீலம் மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழை இழையாக வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது. அடுக்கு முகமூடி (லேயர் மாஸ்க்: படத்தை அழிக்காமல் பகுதிகளை மறைப்பது) போட்டு மென்தூரிகையால் தீட்டினால் சரியாகுமா? வேறு வழி உண்டா?

அச்சகம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கேட்கிறது; அதை எங்கே மாற்றுவது? என் மெனு பிரெஞ்சில் இருக்கிறது. ஆங்கிலப் பெயர் சொன்னாலும் தேடிக்கொள்வேன்.