சீலகாந்த் மீன் பரிணாமத்தைப் பொய்யாக்கிவிட்டதா?

அகழிக்காரன்:
காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். சாரம் இது: சீலகாந்த் மீன் டைனோசர்களோடு அழிந்துபோனது என்றார்கள் விஞ்ஞானிகள், 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு வலையில் சிக்கியது, கோடிக்கணக்கான வருடமாக அது துளியும் மாறவில்லை, ஆகவே பரிணாமம் பொய். முதல் இரண்டும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. இன்று உயிரோடிருப்பது லாட்டிமேரியா என்ற பேரினம். அந்தப் பேரினத்தின் புதைபடிவம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. பாறையில் இருப்பவை அதன் சொந்தக்கார மீன்கள்; அளவிலும் எலும்பிலும் வித்தியாசம் தெரிகிறது.

சத்துவாச்சாரி சகோதரன்:
பிரசுரம் எழுதியவர் அவசரப்பட்டிருக்கலாம் பிரதர், அதை விடுங்கள். நான் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் வளர்ந்தவன். ஏரி வற்றினால் விரால் சேற்றுக்குள் கிடந்து வெளிக்காற்றைக் குடித்தே உயிர் பிழைக்கும். மழை வந்தால் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போகும். காற்றைச் சுவாசிக்கத் தெரியும், தரையில் நகரத் தெரியும். அப்புறம் ஏன் இன்னும் தவளையாகவில்லை? என் தாத்தா பிடித்ததும் விரால்தான், போன வாரம் எங்கள் வீட்டுக் குழம்பில் வெந்ததும் விரால்தான்.

அகழிக்காரன்:
விரால் எதற்குத் தவளையாக வேண்டும்? சேற்றில் பிழைக்க இருப்பதே அதற்குப் போதும். அது நுரையீரலால் மூச்சு விடவில்லை. செவுளுக்கு மேலே தனி அறை வைத்திருக்கிறது. துடுப்பும் விசிறி மாதிரி விரிகிற முள்தான். தரையேறிய பரம்பரை வேறு. அவற்றின் துடுப்புக்குள் முதலில் ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, அதற்கப்புறம் சின்னச் சின்ன எலும்புகள். உங்கள் கையிலும் அதே வரிசைதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, தேடிய முறை. 38 கோடி வருடப் பாறைகளில் இப்படிப்பட்ட மீன்கள் கிடைத்திருந்தன. 36 கோடி வருடப் பாறைகளில் கால் உள்ளவை. அப்படியானால் இடைப்பட்ட காலத்து ஆற்றுப்படுகைப் பாறையில் நடுவாந்தரமான ஒன்று இருக்க வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபின் குழு கணக்குப் போட்டது. வடதுருவக் கனடாவில் அந்த வயதுப் பாறை இருந்தது. 1999இல் தொடங்கி, வெறுங்கையோடு திரும்பியும் விடாமல் போய், 2004இல் அங்குள்ள எல்ஸ்மியர் தீவில் திக்தாலிக் என்ற மீனின் புதைபடிவத்தைத் தோண்டி எடுத்தார்கள். வயது 37.5 கோடி. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தட்டைத் தலை, அசைகிற கழுத்து, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற மூட்டு. இடத்தையும் காலத்தையும் முன்கூட்டியே சொல்லி எடுத்தது இது.

ஆரணி வாத்தியார்:
முதலில் மச்சம், அப்புறம் கூர்மம், அப்புறம் வராகம். நாம் எப்போதோ சொல்லிவிட்டோம்!

அகழிக்காரன்:
உயிரியலாளர் ஹால்டேன்கூட அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார், சார். ஆனால் அதை வைத்து எந்தப் பாறையைத் தோண்டுவது?

சத்துவாச்சாரி சகோதரன்:
திக்தாலிக்கைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். போலந்தில் ஜாஹெல்மியே குவாரியில் நாலு கால் பிராணியின் தடங்களை 2010இல் அறிவித்தார்கள். வயது சுமார் 39 கோடி. பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்த கதையாக இல்லையா?

கத்தோலிக்கன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சகோதரனே 39 கோடி என்கிறார். பூமிக்கே வயது 6,000 வருடம்தான் என்கிற கட்சி இங்கே யாரும் இல்லை போல! எங்கள் போப் இரண்டாம் ஜான் பால் 1996லேயே பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்று சொல்லிவிட்டார்.

அகழிக்காரன்:
போலந்துத் தடங்கள் பற்றிச் சகோதரன் கேட்டது நியாயமான கேள்வி. அவை மீன் கிளறிய குழிகள் என்று சொல்பவர்களும் உண்டு. கால்தடமே என்று வைத்துக்கொண்டாலும், திக்தாலிக் நம் நேர்த் தாத்தா என்று நான் சொல்லவில்லை, பங்காளி என்றுதான் சொல்கிறேன். நம் சித்தப்பா நம்மைவிட இளையவராக இருப்பதில்லையா? தரையேறிய காலம் நாம் நினைத்ததைவிட இன்னும் முந்தையது என்று ஆகும், அவ்வளவுதான். துடுப்புக்குள் இருக்கும் மணிக்கட்டு எங்கும் போகாது.

சத்துவாச்சாரி சகோதரன்:
சரி, அடுத்தது. கோட்டயம் பக்கக் கிணறுகளில் கண்ணே இல்லாத கெளுத்தி இனம் இருக்கிறது. நீங்கள் அதையும் பரிணாமம் என்பீர்கள். இருந்த கண் போனது நஷ்டம். புதிதாக வந்த ஒன்றைக் காட்டுங்கள்.

அகழிக்காரன்:
அண்டார்டிகா கடல்நீர் −1.9 டிகிரி வரை போகும். அங்குள்ள நோட்டோதீனியா மீன்களின் ரத்தம் குளிரில் பனிக்கட்டியாகாமல் ஒரு புரதம் காக்கிறது. அந்த மரபணு, செரிமான நொதியைச் செய்கிற டிரிப்சினோஜன் மரபணுவின் துண்டிலிருந்து வந்தது என்று 1997இல் காட்டினார்கள். பழைய மரபணுவின் மிச்சம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடதுருவக் காட் மீனிலும் கிட்டத்தட்ட அதே புரதம் உண்டு. ஆனால் அது முளைத்தது டிஎன்ஏவின் வேறு இடத்திலிருந்து. ஒருவரே வடிவமைத்திருந்தால் ஒரே மரபணு போதுமே?

சத்துவாச்சாரி சகோதரன்:
கர்த்தர் ஒரே பலனை இரண்டு வழியில் தரக் கூடாதா?

அகழிக்காரன்:
தரலாம். ஆனால் ஒரே மரபணு இருந்திருந்தால் அதையும் ஒரே படைப்பாளியின் கைவேலை என்றிருப்பீர்கள். எது கிடைத்தால் உங்கள் வாதம் உடையும்? என் பக்கத்தைச் சொல்கிறேன்: தாடையுள்ள மீனே இல்லாத 50 கோடி வருடப் பாறையில் ஒரு திக்தாலிக் கிடைத்தால் நான் மாட்டிக்கொண்டேன்.

சத்துவாச்சாரி சகோதரன்:
விசுவாசத்துக்கு அப்படி நிபந்தனை எழுத முடியாது, பிரதர். டிரிப்சினோஜன் விஷயம் எனக்குப் புதிது, படித்துவிட்டு வருகிறேன். மீன்களுக்குள் புதியது வரும் என்பது வரை உங்களோடு வரலாம். மனுஷனை அந்த வரிசையில் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.