பிரவுசரில் திறக்கிற லிங்க் மற்ற மென்பொருள்களில் ஏன் உடைகிறது?

கேள்வி கேட்டவர்: வெற்றுவரி

ஒரு அறிக்கைப் பக்கம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் ஒழுங்காகத் தெரிகிறது, லிங்க்குகளும் திறக்கின்றன. வெளியே எடுத்தால்தான் சிக்கல்.

1. பிரவுசரின் இன்ஸ்பெக்டில் காப்பி செய்த எக்ஸ்பாத்தை (பக்கத்தில் ஒரு பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாதை) பைத்தானில் பக்கத்தைப் படிக்கும் எல்எக்ஸ்எம்எல் நூலகத்துக்குக் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் வருகிறது.
2. லிங்க்கை டெர்மினலில் கர்ல் என்ற பதிவிறக்கக் கட்டளைக்குக் கொடுத்தால் வேறு பக்கம் வருகிறது. கேள்விக்குறிக்குப் பின் மூன்று மதிப்புகள், நடுநடுவே & குறி.
3. எக்செலில் ஒட்டி கிளிக் செய்தால், பிரவுசரில் ஏற்கெனவே லாகின் செய்திருந்தும் லாகின் பக்கத்துக்கே போகிறது.

சோர்ஸில் பார்த்தால் டேபிளுக்குள் ஃபார்ம் டேக் இருக்கிறது, பல செல்கள் மூடப்படவே இல்லை. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமா?

பதில் சொன்னவர்: சாய்கோடு

இல்லை, மூன்றுக்கும் மூன்று காரணம். முதலாவதை மட்டும் சொல்கிறேன்.

செல்லை மூடாதது பிழையே அல்ல. செல்லுக்கும் வரிசைக்கும் மூடும் டேக் கட்டாயமில்லை என்பது ஹெச்டிஎம்எல் விதி. உங்கள் எக்ஸ்பாத்தைக் கெடுப்பது அநேகமாக டிபாடி, அதாவது டேபிளின் வரிசைகளைச் சுற்றி நிற்கும் டேக். டேபிளுக்குள் நேரடியாக வரிசை வந்தால் பிரவுசர் தானாகவே ஒரு டிபாடியை நுழைத்துவிடும், எல்எக்ஸ்எம்எல் நுழைக்காது. வியூ சோர்ஸில் இருப்பது சர்வர் அனுப்பியது, இன்ஸ்பெக்டில் இருப்பது பிரவுசர் திருத்திக் கட்டியது. எக்ஸ்பாத்தை இரண்டாவதிலிருந்து எடுத்து முதலாவதில் தேடுகிறீர்கள். டிபாடியை நீக்கிவிட்டு, டேபிளுக்கும் வரிசைக்கும் நடுவில் இரட்டைச் சாய்கோடு போட்டுப் பாருங்கள்.

ஃபார்ம் விஷயம் இன்னும் வேடிக்கை. டேபிளுக்குள் நேரடியாக வரும் ஃபார்மை பிரவுசர் திறந்த உடனேயே மூடிவிடும். பிரவுசர் கட்டும் மரத்தில், அதாவது எந்த டேக்குக்குள் எது என்ற அமைப்பில், அது காலியாக நிற்கும். ஆனால் பின்னால் வரும் இன்புட்கள் அதற்கே சொந்தம் என்று உள்ளே குறித்துவைத்திருக்கும். அதனால் சப்மிட் வேலை செய்யும், ஃபார்முக்குள் இன்புட்டைத் தேடினால் எதுவும் கிடைக்காது. செல்லுக்கு வெளியே கிடக்கும் உரையையோ டேபிளுக்கு மேலே தூக்கி வைத்துவிடும்.

பியூட்டிஃபுல் சூப் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தின் பக்கம் போவதானால் பார்சரை (டேக்குகளைப் படித்து மரம் கட்டும் பகுதி) பெயர் சொல்லிக் கொடுங்கள். பைத்தானோடு வரும் ஹெச்டிஎம்எல் பார்சருக்கு மூடாத செல்லை எங்கே முடிப்பது என்று தெரியாது. அடுத்த செல்லை அதற்குள்ளேயே போட்டுவிடும். முதல் செல்லின் உரையைக் கேட்டால் முழு வரிசையும் வந்து விழும். பிரவுசர் கட்டும் அதே மரம் வேண்டுமென்றால் ஹெச்டிஎம்எல்5லிப் என்ற பார்சர். மெதுவானதுதான், ஆனால் இந்த மாதிரிப் பக்கத்துக்கு அதுதான் சரி.

பதில் சொன்னவர்: அரைப்புள்ளி

இரண்டாவது, கர்ல்-இன் குற்றமில்லை. மேற்கோள் குறி இல்லாமல் ஒட்டினால் & குறியை ஷெல் (டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் நிரல்) பிடித்துக்கொள்ளும்: அதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு, மீதியைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சர்வருக்குப் போவது முதல் மதிப்பு மட்டும். லினக்ஸ், மேக் என்றால் ஒற்றை மேற்கோள் போடுங்கள். விண்டோஸ் சிஎம்டி-யில் இரட்டை.

அப்படியும் சரியாகாவிட்டால் லிங்க்குக்குள் இடைவெளியோ பின்சாய்கோடோ இருக்கிறதா பாருங்கள். பிரவுசர் இடைவெளியை %20 ஆக்கும், பின்சாய்கோட்டை முன்சாய்கோடாக மாற்றும், நடுவில் வரி உடைந்திருந்தால் சத்தமில்லாமல் ஒட்டிவிடும். முகவரி எழுதும் விதிகளைச் சொல்லும், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 இவற்றை அனுமதிப்பதில்லை. இடைவெளி இருந்தால் கர்ல் பிழை எண் 3 சொல்லி நின்றுவிடும். லாகின் வேண்டிய பக்கமென்றால் குக்கீயும் (நீங்கள் லாகின் ஆனதைக் காட்ட பிரவுசர் வைத்திருக்கும் தகவல்) தேவை. இன்ஸ்பெக்டின் நெட்வொர்க் தாவலில் அந்தக் கோரிக்கையை வலது கிளிக் செய்து ‘காப்பி ஆஸ் கர்ல்’ எடுத்தால் எல்லாம் சேர்ந்தே வரும்.

பதில் சொன்னவர்: மூன்றாம்வரிசை

மூன்றாவது: எக்செல், வேர்ட் இரண்டும் லிங்க்கை நேரே பிரவுசரிடம் கொடுப்பதில்லை. முதலில் தாமே அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கும். அவற்றிடம் பிரவுசரின் குக்கீ கிடையாது. சர்வர் 302 (வேறு முகவரிக்குப் போ என்னும் பதில் எண்) கொடுத்து லாகினுக்குத் திருப்பும். ஆபிஸ் அதைப் பின்தொடர்ந்து, கடைசியாகப் போய் நின்ற முகவரியைத்தான் பிரவுசரிடம் நீட்டும். நீங்கள் லாகின் ஆகியிருப்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

சர்வர் உங்கள் கையில் இருந்தால், ஆபிஸின் யூசர் ஏஜென்ட் (கேட்கும் மென்பொருள் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) வரும்போது 302-க்குப் பதில் 200 (சரி என்னும் பதில்) கொடுத்து, பிரவுசரைத் தானாக மறுபடி திறக்கவைக்கும் மெட்டா ரிஃப்ரெஷ் டேக் உள்ள சின்னப் பக்கம் ஒன்றை அனுப்புங்கள். ஆபிஸ் அங்கேயே நின்று மூல முகவரியைக் கொடுக்கும், பிரவுசர் தன் குக்கீயோடு திறக்கும். கணினி மட்டும் கையில் என்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஃபோர்ஸ்ஷெல்எக்ஸிகியூட் மதிப்பை 1 ஆக்க வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டிய வேலை என்பதால் எனக்கு முதல் வழியே மேல்.

ஹைப்பர்லிங்க் சூத்திரம் எழுதினால் மேற்கோளுக்குள் 255 எழுத்துக்கு மேல் ஏற்காது. முகவரியில் தமிழ் இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்: ஒரு யூனிகோடு குறி யுடிஎஃப்-8-இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டையும் % போட்டு 3 எழுத்தாக எழுதும் சதவீதக் குறியீட்டில் 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல் 5 குறி, 45 எழுத்து.

வெற்றுவரி

டிபாடியை எடுத்ததும் வரிசைகள் வந்துவிட்டன, ஒற்றை மேற்கோளில் கர்ல்-உம் சரி. இன்னொன்று: இதே லிங்க்கை மெசேஜில் அனுப்பினால் சிலருக்கு 404 (பக்கம் இல்லை) வருகிறது.

அரைப்புள்ளி

லிங்க்கோடு ஒட்டி ‘-இல்’, ‘-ஐப்’ என்று வேற்றுமை உருபு எழுதியிருப்பீர்கள். லிங்க் எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு செயலியும் ஊகிக்கிறது. கடைசி முற்றுப்புள்ளியைப் பல செயலிகள் விட்டுவிடும். தமிழ் எழுத்தையோ முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். லிங்க்கைத் தனி வரியில் போடுங்கள்.