வயது ஐம்பத்தைந்து, இப்போதுதான் ஆர்.பி.ஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் விளையாட்டு) பிடித்தது. அடுத்து எதை ஆடலாம்?

மாலைநேர_மந்திரவாதி:
வணக்கம். கணினி விளையாட்டு என்றாலே வேகமாகச் சுடுவது, ஓடுவது என்று நினைத்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன் நான். மகள் ஏற்றிக் கொடுத்த பால்டர்ஸ் கேட் 3-ஐ ஆடி முடித்துவிட்டேன், இப்போது வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது சண்டையல்ல. பகடை சரியாக விழாவிட்டாலும் கதை நிற்பதில்லை, வேறு வழியில் போகிறது. பூட்டு திறக்கவில்லையா, காவலாளியிடம் பேசிப் பார்க்கலாம், இல்லை கூரை வழியாகப் போகலாம். இதற்கெல்லாம் மூலம் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய இரண்டு பாகங்களையும் ஆடலாமா? கை வேகம் எனக்குக் கிடையாது. அப்புறம், நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்களே, கணினியில் கற்றதை வைத்துக்கொண்டு அதில் நான் சேர முடியுமா?

பழைய_வரைபடம்:
தாராளமாக ஆடலாம். முதல் பாகம் 1998-ல் வந்தது, சண்டை நிற்காமல் ஓடும்தான், ஆனால் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், நிதானமாக ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லிவிட்டு ஓட விடலாம். எதிரி கண்ணில் பட்டதும் தானாக நிற்கும்படியும் வைக்கலாம். உங்களைக் குழப்பப் போவது வேகமல்ல, விதிகள். அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுவது, கவச எண் (அடி படாமல் காக்கும் எண்) குறையக் குறைய நல்லது. தாக்கோ (கவச எண் 0 உள்ளவரை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண்) 16 உள்ள வீரர் கவச எண் 4 உள்ள எதிரியை அடிக்க, பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இது நேரானது. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நாலைந்துதான், ஒரு ஓநாய் போதும் கதையை முடிக்க, அதனால் முதல் ஆட்டத்துக்கு வீரரை எடுங்கள். 2012-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனில் (அதன் புதுப்பித்த வடிவம்) ஸ்டோரி மோடு இருக்கிறது, கதை மட்டும் போதுமென்றால் அது நல்ல வழி.

நிழல்நடை:
நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பால்டர்ஸ் கேட் 3 வழியாக ஐந்தாம் பதிப்பு விதிகள் கைக்கு வந்திருக்கும் நேரத்தில் தாக்கோவைக் கற்றுக்கொள்ளச் சொல்வது அவசியமில்லாத பாரம். அதே ஐந்தாம் பதிப்பில் 2021-ல் வந்த சொலாஸ்டா என்ற கணினி விளையாட்டை ஆடுங்கள். கதை சுமார்தான், அதை மறைக்க மாட்டேன், ஆனால் மேசை விதிகளுக்கு அது மிக நெருக்கமாக நிற்கிறது, வெளிச்சம் இல்லாத இடத்தில் அடிப்பது எவ்வளவு கடினம் என்பதுகூட அதில் புரியும். பழையதில் ஒன்றுதான் வேண்டுமென்றால் 1999-ன் பிளேன்ஸ்கேப் டார்மென்ட். அதுவும் இரண்டாம் பதிப்புதான், ஆனால் கணக்கு உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. சாக முடியாத ஒருவர் தன் கடந்த காலத்தைத் தேடுகிறார், அறிவும் விவேகமும் கூடுதலாக இருந்தால் பெரும்பாலான சிக்கல்களைப் பேசியே தீர்க்கலாம். நீங்கள் சொன்ன ரசனைக்கு அது கட்டாயம் பிடிக்கும்.

இருபது_முகம்:
மேசை பற்றி நான் சொல்கிறேன், பல காலமாக டன்ஜன் மாஸ்டராக (கதையை நடத்துபவராக) இருக்கிறேன். பாதி வேலை உங்களுக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது. இருபது முகப் பகடையை உருட்டி எண்ணைக் கூட்டுவது, ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்புகள்), போனஸ் ஆக்‌ஷன் (ஒரு முறைக்குள் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) எல்லாம் தெரியும். அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பதும் தெரியும் (11 வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது, சின்ன விஷயமல்ல). சில வித்தியாசங்கள் உண்டு. பால்டர்ஸ் கேட் 3-ல் எதிரியைத் தள்ளிவிடுவது போனஸ் ஆக்‌ஷன், மேசையில் அதற்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும். திறமைச் சோதனையில் 1 விழுந்தாலே தோல்வி என்பதும் கணினியில்தான், மேசையில் மொத்தக் கூட்டல் போதுமானதாக இருந்தால் தப்பிக்கலாம். சேவ் செய்து திரும்பி வர முடியாது.

ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. கணினி உங்களுக்கு நாலு பதில்களைக் காட்டி ஒன்றை எடு என்கிறது, மேசையில் பட்டியலே கிடையாது. காவலாளியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மருந்தோடு போய் நிற்கிறேன் என்று நீங்கள் சொன்னால், அதை முன்கூட்டி யாரும் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை, நான் அந்த இடத்திலேயே அந்தக் குழந்தையை உருவாக்குவேன். கூரை வழியாகப் போவதை ரசித்த உங்களுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதியவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள், நல்ல குழு அதற்காகவே ஒரு சின்னக் கதையில் ஆரம்பிக்கும். வயதை யாரும் கேட்கப் போவதில்லை.

மாலைநேர_மந்திரவாதி:
எல்லோருக்கும் நன்றி. பிளேன்ஸ்கேப்பை ஏற்றிவிட்டேன், கூடவே ஒரு குழுவிடமும் கேட்டிருக்கிறேன், வரச் சொன்னார்கள். மேசையில் முதல் ஆட்டத்துக்குக் கிளெரிக் (மந்திரத்தால் குணப்படுத்தும் பூசாரி) எடுக்கலாமா?

இருபது_முகம்:
எடுங்கள், எல்லாக் குழுவும் வரவேற்கும். பிளெஸ், ஹீலிங் வேர்ட் என்ற இரண்டு மந்திரங்களையும் விடாதீர்கள். முதலாவது மூன்று பேரின் தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) நாலு முகப் பகடை ஒன்றைக் கூட்டித் தரும். இரண்டாவது 60 அடி தூரத்திலிருந்தே, போனஸ் ஆக்‌ஷனில், விழுந்தவரை எழுப்பிவிடும்.