டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போனவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஆற்றங்கரை

டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பான புக்வோர்மிலிருந்து 13-ஆம் பதிப்பான டிரிக்சிக்கு மாறி முடித்துவிட்டேன். சோர்ஸஸ் கோப்பில் பெயரை மாற்றுவது, முதலில் சின்ன அப்கிரேடு, அப்புறம் ஃபுல்-அப்கிரேடு, இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மனதை விட்டுப் போகாமல் இருப்பது ஃபுல்-அப்கிரேடு கொடுத்ததும் வந்த பட்டியல். நீக்கப்படும் பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) என்ற தலைப்புக்குக் கீழே லிப்ஜிடிகே, லிப்கிளிப், லிப்கப்ஸ், லிப்கர்ல், லிப்எஸ்எஸ்எல் என்று திரை நிறைய ஓடுகிறது. லிப்ஜிடிகே போனால் டெஸ்க்டாப்பில் என்ன மிஞ்சும்? கப்ஸ் போனால் பிரின்டர் என்ன ஆகும்? பட்டியலின் அடியில் தொடரலாமா என்ற கேள்வி, பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது. எட்டிப் பார்த்த மனைவி, "எல்லாத்தையும் அழிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

மேலே உருட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. புதிதாக நிறுவப்படும் பட்டியலில் அதே பெயர்கள், வாலில் 'டி64' சேர்ந்து நிற்கின்றன. போவதும் வருவதும் ஒரே லைப்ரரிதான், அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டே வந்தால் 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பிவிடும். அதற்காக 32 பிட் ஆர்ம் கணினிகளில் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் 64 பிட் கணினிகளில் அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பேக்கேஜ் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும் என்று நமக்கும் அந்த வால் வந்திருக்கிறது.

ஒய் அழுத்தினேன். ரீபூட் ஆனதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் 6.12, டெஸ்க்டாப்பான க்னோம் 48, பிரின்டர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவியான ஆப்ட்டின் புதிய 3.0 பதிப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது: நிறுவுவதைப் பச்சையிலும் நீக்குவதைச் சிவப்பிலும் வரிசை கட்டிக் காட்டுகிறது. ஆனால் அப்கிரேடு ஓடும்போது இருப்பது பழைய ஆப்ட்தான். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒற்றுப்பிழை

எனக்கு அப்கிரேடு சத்தமில்லாமல் முடிந்தது. பிரச்சினை வந்தது லிப்ரே ஆஃபிஸைத் திறந்த பிறகு. மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டிய இதழ், மெய்ப்புத் திருத்தம் பாதியில் நிற்கிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் 'அம்மா' என்று அடிக்கிறேன், திரையில் ஆங்கில ஏ, கே, கே, க்யூ நான்கும் வரிசையாக வந்து நிற்கின்றன. பேனலில் தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸின் ஐகானைப் பார்த்தால் தமிழ் தேர்வாகித்தான் இருக்கிறது. தமிழ் விசைப்பலகை அமைப்புகளைத் தரும் எம்17என் பேக்கேஜும் இருக்கிறது. மறுபடி அடித்தாலும் அதே நான்கு எழுத்து. வருடக்கணக்காகக் கை போன போக்கில் அடித்துப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் அழுகையே வந்துவிட்டது.

நான் பயன்படுத்தும் டெஸ்க்டாப் கேடிஈ. அதன் பிளாஸ்மா 6-இல், திரையில் ஜன்னல்களைக் காட்டும் வேலைக்கு வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. அங்கே ஐபஸைத் தனியாக ஓடவிட்டால் போதாது, டெஸ்க்டாப்தான் அதை அழைக்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, அதற்குள் வெர்ச்சுவல் கீபோர்டு, அங்கே 'ஐபஸ் வேலண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெர்ச்சுவல் கீபோர்டு என்றால் தொடுதிரைக்கு வரும் விசைப்பலகை என்று யாருமே அந்தப் பக்கம் போகமாட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஜிடிகே, க்யூடி இரண்டுக்கும் ஐஎம் மாட்யூல் என்று என்விரான்மென்ட் மாறிகள் போட்டு வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப வந்தேன், 'அம்மா' அம்மாவாகவே வந்தது. இதழும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய இதழ்கள்

ஒற்றுப்பிழை அக்கா, உங்கள் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன், நன்றி. என் கதை ஸ்கேன் சம்பந்தப்பட்டது. பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அப்கிரேடுக்குப் பின் ஒரு தொகுதியை ஓடவிட்டேன். பாதியில், சாதனத்தில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி! எந்த ஃபோல்டரில் இடம் இல்லை என்று பார்த்தால் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் மட்டும் நூறு சதவீதம் நிரம்பி நிற்கிறது, அதன் மொத்த அளவே 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. என் கணினியில் ரேம் 8 ஜிபி.

டிரிக்சியில் டெம்ப் ரேமுக்குள் போய்விட்டது, ரேமில் பாதி வரைதான் எடுத்துக்கொள்ளும். பெரிய பெரிய படங்களை அங்கே விரித்து வைக்கிற மென்பொருளுக்கு அது எங்கே போதும்? சிஸ்டம்கன்ட்ரோல் கட்டளையில் டெம்ப் டாட் மவுன்ட் என்பதை மாஸ்க் செய்து (முடக்கி) ரீபூட் செய்தேன், டெம்ப் பழையபடி டிஸ்க்குக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. அப்கிரேடு முடிந்து ரீபூட் ஆனதும் டெம்ப்பில் முன்பு இருந்த கோப்புகள் மாயமானது போல் இருக்கும். அவை அழியவில்லை, புது டெம்ப்புக்கு அடியில் மறைந்திருக்கின்றன. ரூட்டை (கோப்புகளின் மேல்மட்ட ஃபோல்டரை) வேறொரு இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுன்ட் செய்து பார்த்தால் அப்படியே இருக்கும். நான் அப்படித்தான் ஒரு முழு இதழின் பக்கங்களை மீட்டேன். 1960-களின் இதழ், தாள் தொட்டால் உதிர்கிறது, இன்னொரு தடவை ஸ்கேனரில் வைக்க எனக்கு மனமே வந்திருக்காது.

சர்வர் அறை

பழைய இதழ்கள் சொன்ன தீர்வை நான் ஏற்கமாட்டேன். ஒரு மென்பொருளுக்காக மொத்த சிஸ்டத்தின் அமைப்பையும் திருப்பிப் போடத் தேவையில்லை. அந்த மென்பொருளுக்கு மட்டும் தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்று சொல்லும் டிஎம்பிடிர் மாறியில் வார்-டெம்ப் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், அது டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் அதை மதிக்கும்.

என் அனுபவம் சிறியது. வெளியூரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் கணினியை ரீபூட் செய்தேன், திரும்பி வரவில்லை. கன்சோலைத் திறந்து பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், நெட்வொர்க் கார்டின் பெயர்தான் மாறியிருக்கிறது. புதுக் கர்னல் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது, நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் இன்டர்ஃபேஸஸ் கோப்பில் பழைய பெயர்.

ஆகவே தம்பிமார்களே, தங்கைமார்களே, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வெளியீட்டுக் குறிப்புகளில் அறிந்திருக்க வேண்டிய சிக்கல்கள் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, அதைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். தொலைவில் இருக்கும் கணினி என்றால், முதலில் புக்வோர்மை அதன் கடைசி அப்டேட் வரை கொண்டுவாருங்கள். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் பழையதாக இருந்து, அப்கிரேடு பாதியில் இணைப்பு அறுந்தால், மறுபடி உள்ளே நுழைய முடியாமல் போகலாம். இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் இருந்துதான் ஓட்ட வேண்டும். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (அதன் வன்பொருள் எண்ணை) வைத்து லிங்க் கோப்பு எழுதிப் பெயரை முன்கூட்டியே கட்டிப்போடுங்கள். பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருப்பவர்கள் ரீபூட்டுக்கு முன் சிஸ்டம்டி-கிரிப்ட்செட்அப் பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், இப்போது அது தனிப் பேக்கேஜ். கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் டாட் கான்ஃப் கோப்பில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அது இனி படிக்கப்படாது, சிஸ்கன்ட்ரோல் டாட் டி ஃபோல்டருக்குள் ஒரு கோப்பாக மாற்றி வையுங்கள். இவ்வளவையும் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே மேல். வீட்டுக் கணினிக்கு நான் எப்போதும் சொல்வது அதுதான்.

வேப்பமரம்

சர்வர் அறை சார், புதிதாக நிறுவுவதே மேல் என்கிறீர்கள். என் சின்ன லேப்டாப்பில் எதை நிறுவுவது? அதில் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270, 32 பிட் மட்டும்தான். டிரிக்சியில் 32 பிட் பிசிக்குக் கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 64 பிட் கணினியில் பழைய 32 பிட் மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டும்தான் 32 பிட் பேக்கேஜ்களை வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் கணினிகளை டிரிக்சிக்கு உயர்த்த வேண்டாம், முடிந்தால் 64 பிட்டில் புதிதாக நிறுவுங்கள், முடியாவிட்டால் ஓய்வு கொடுங்கள் என்று நீங்கள் படிக்கச் சொல்லும் அதே குறிப்புதான் சொல்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அதில்தான். டபிள்யூ, ஈ, ஆர் மூன்று விசையும் தேய்ந்து எழுத்தே தெரியாது. இன்றைக்கும் ஆன் செய்தால் எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, புக்வோர்மோடு அவளுடைய அகராதிக்கும் கதைப் புத்தகங்களுக்கும் மட்டும் வைத்திருக்கப் போகிறேன்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் டெர்மினலில் எல்எஸ்சிபியூ கொடுத்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டும் காட்டினால் கவலையே இல்லை. 32 பிட் இயங்குதளம் ஓடுகிறது என்பதற்காக கணினியும் 32 பிட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆற்றங்கரை

வேப்பமரம் ஐயா, அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

சர்வர் அறை சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பைத்தான் நிரல்மொழி 3.11-இலிருந்து 3.13-க்குப் போகிறது. ஏற்கெனவே உருவாக்கி வைத்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மாட்யூல்களைத் தனியே நிறுவி வைக்கும் ஃபோல்டர்) எல்லாம் ஆக்டிவேட் ஆகும், ஆனால் உள்ளே நிறுவியிருந்த எந்த மாட்யூலும் கிடைக்காது. அவை 3.11 என்ற ஃபோல்டருக்குள் இருக்க, 3.13 தன் பெயர் போட்ட ஃபோல்டரில் தேடுகிறது. அப்கிரேடுக்கு முன்பே, நிறுவிய மாட்யூல்களைப் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கொடுத்துப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வைத்திருந்தேன். பழைய ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கி அந்தப் பட்டியலைக் கொடுத்ததும் எல்லாம் வந்துவிட்டன. ஒரே ஒரு மாட்யூலின் பழைய பதிப்பு மட்டும் 3.13-இல் நிறுவ மறுத்தது, பதிப்பு எண்ணை நீக்கிவிட்டுப் புதியதை எடுத்ததும் அதுவும் ஓடுகிறது.