காதில் வைத்தால் மியூட் ஆகும் புது போன்: குறை போனிலா, என்னிடமா?

ஈரோட்டு ஜவுளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன மாசம் 24,000 ரூபாய் போட்டு புது போன் வாங்கினேன். கம்பெனி பேரு வேண்டாம், பேச்சு அந்தப் பக்கம் போயிடும். 2019-ல வாங்கின பழைய போன் இத்தனை வருசம் உழைச்சுது. பேட்டரி மத்தியானத்துக்கே படுத்துடும், கண்ணாடி ஓரத்துல ஒரு கீறல், அவ்வளவுதான் குறை. கடைக்காரப் பையன் 5ஜி, 108 மெகாபிக்சல், 120 ஹெர்ட்ஸ்னு அடுக்கினான். எல்லாமே பழசை விட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. சரின்னு வாங்கிட்டேன்.

எனக்குத் தொழில் பெட்ஷீட்டு, துண்டு, ஜமுக்காளம். செவ்வாய்ச் சந்தைக்கு முந்தின நாள் சாயந்திரம் நாலு மணியில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் போன் காதை விட்டு இறங்காது. கை ரெண்டும் கட்டைப் பிரிச்சுட்டு இருக்கும், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கும். இந்தப் புது போன்ல பேசிட்டு இருக்கறப்பவே திரை எரியுதுங்க. கன்னம் பட்டு மியூட் விழுந்துடுது. நான் பாட்டுக்கு விலை சொல்லிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ"ன்னு கத்திட்டு வெச்சுடறாங்க. போன திங்கக்கிழமை மட்டும் ஏழு தடவை.

ரெண்டாவது ரெக்கார்டிங். பழைய போன்ல எல்லாக் காலும் தானா பதிவாகும். கடை சாத்தினதும் அதைப் போட்டுக் கேட்டுத்தான் ஆர்டர் எழுதுவேன். "60க்கு 90 கட்டம் போட்டது நாற்பது, பச்சை மட்டும் வேண்டாம்" அப்படின்னு ஒவ்வொருத்தரும் வேகமா சொல்லுவாங்க. புதுசுல பட்டனை அமுக்கினா, ரெண்டு பக்கத்துக்கும் கேக்கற மாதிரி ஒரு குரல் இங்கிலீஷ்ல அறிவிப்புக் கொடுக்குது. கொல்லத்துல இருந்து பதினாலு வருசமா சரக்கு எடுக்கறவரு, "என் பேச்சையா பதிவு பண்றீங்க?"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு. நாலு தடவை கூப்பிட்டப்பறம்தான் எடுத்தாரு.

புதுசுன்னா பழசுல இருந்ததெல்லாம் இருந்து, மேல கொஞ்சம் சேரணும். நான் அப்படித்தானுங்க நினைச்சேன். அது தப்பா?

குறிமுறை எழுதியது:

உங்க வருத்தம் புரியுது சார். ஆனா ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. மியூட் விழுவது போனின் குறை, அதில் வாதமே இல்லை. ரெக்கார்டிங் அப்படியில்லை. அது தெரிந்தே எடுத்த முடிவு. ப்ளே ஸ்டோரில் இருக்கும் ஆப்கள் அக்சஸிபிலிட்டி அனுமதி (பார்வைக் குறை போன்றவை உள்ளவர்களுக்கு உதவ ஆப்புக்குக் கொடுக்கும் அனுமதி) வழியாகக் கால் பதிவு செய்வதை 2022 மே 11 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது நிறைய போன்களில் கால் பேசும் ஆப்பாகக் கூகுளின் டயலர்தான் வருது, அது பதிவைத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும்.

அது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன். இத்தனை வருஷமா அந்தக் கொல்லத்துக்காரர் பேச்சு அவருக்குத் தெரியாம உங்க போனில் சேர்ந்துட்டு இருந்திருக்கு. உங்க மேல் சந்தேகமே இல்லை. ஆனா அந்த போன் தொலைந்திருந்தால்? என் பேச்சை யாராவது பதிவு செய்தால் எனக்குத் தெரியணும். அவருக்கும் அந்த உரிமை உண்டு.

இன்னொன்று. உங்க பழைய போனுக்குக் கடைசி பாதுகாப்பு அப்டேட் எப்போ வந்தது? 2021-ஆ, 2022-ஆ? அதில்தான் சந்தைப் பணம் மொத்தமும் யுபிஐயில் புரண்டுட்டு இருந்தது. புது போன் அந்த ஓட்டையை அடைக்குது. அது கண்ணுக்குத் தெரியாது, அதனால யாரும் அதை லாபக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மதுரை சர்வீஸ் எழுதியது:

ஜவுளி அண்ணே, நான் பதினோரு வருசமா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உங்க மியூட் கதையை வாரத்துக்கு நாலு பேராச்சும் வந்து சொல்றாங்க. முக்காவாசிப் பேரு "டிஸ்ப்ளே போயிருச்சு, பாருங்க"ன்னு கொண்டு வருவாங்க. டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கும்.

பழைய போன்ல காது ஸ்பீக்கர் பக்கத்துல கறுப்பா ஒரு புள்ளி இருக்கும். அது அகச்சிவப்பு ஒளியை விட்டு, கன்னத்துல பட்டுத் திரும்புதான்னு பாக்கும். திரும்புனா திரையை அணைச்சிரும். இப்ப விளிம்பே இல்லாத திரை வேணும், விலையும் குறைச்சலா இருக்கணும்னு நிறைய மாடல்ல அந்தச் சென்சாரையே எடுத்துட்டாங்க. பதிலா, நம்ம காதுக்குக் கேக்காத ஒலியை ஸ்பீக்கர்ல விட்டு, மைக்ல எதிரொலி வாங்கி, கன்னம் பக்கத்துல இருக்கான்னு சாஃப்ட்வேரே கணக்குப் போடுது. நேரா காதுல வச்சுப் பேசுனா ஓரளவு ஒத்துக்கும். தோள்ல இடுக்கிப் பேசுனா தடுமாறும்.

ஸ்பீக்கர் ஓட்டையில தூசி அடைச்சா இன்னும் மோசம். உங்க கடையில பஞ்சுத் தூசி இருக்காம இருக்காது. சின்னப் பிள்ளைக பல் விளக்குற மெத்துப் பிரஷ்ஷை எடுத்து, காயவச்சு, லேசா தட்டி விடுங்க. டெம்பர் கிளாஸ் அந்த ஓட்டையை மறைக்குதான்னும் பாருங்க.

புதுசா வாங்கப் போறவங்களுக்கும் சொல்றேன். கடையில வச்சே ஒரு கால் போடுங்க. கட்டைவிரலால போன் மேல் ஓரத்தை மூடுங்க. சென்சார் இருந்தா சட்டுனு திரை அணையும். விரலுக்கு அசையாம, தூக்கிக் காதுக்குக் கொண்டு போனாத்தான் அணையுதுன்னா அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கணக்குத்தான்.

ஈரோட்டு ஜவுளி எழுதியது:

சர்வீஸ் தம்பி, நன்றிங்க. பிரஷ்ல தட்டினதும் நெசமாவே நூல் துணுக்கு வந்துச்சு. இந்தத் திங்கக்கிழமை ஏழு மூணாச்சு. ஆனா மூணு மூணுதானுங்களே.

குறிமுறை தம்பிக்கு: நீங்க சொன்ன உரிமையை நான் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். 24,000 ரூபாய் வாங்கினவங்க இதைப் பெட்டி மேல எழுதியிருக்கலாமில்ல? 108 மெகாபிக்சல்னு கட்டைவிரல் அளவு எழுத்துல போட்டிருக்கு. "காதுச் சென்சார் இல்லை"ன்னு எறும்பு அளவுக்காவது எங்கேயாவது இருக்கா? தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

டியூஷன் டீச்சர் எழுதியது:

எனக்கும் இதே கேள்விதான், ஆனால் என் பிரச்சினை வேறு. நான் மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவிட்டு, இரவு விளக்கை அணைத்துப் படுத்தபடி அரைமணி நேரம் படிப்பேன். ஐந்து வருடம் எல்சிடி திரையில் படித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அமோலெட் திரை போன் வாங்கிய மூன்றாம் நாளே நெற்றிப் பொட்டில் வலி. கண் மருத்துவரிடம் போனேன், பவர் மாறவில்லை என்றார். வீட்டில் எல்லாரும் "வயசாகுது, போனைக் குறை" என்றார்கள்.

பிறகு என் அண்ணன் மகன் தன் போன் கேமராவை என் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். வெளிச்சத்தைக் குறைத்தால் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் திரையில் ஓடுகின்றன! வெளிச்சத்தைக் குறைக்க இந்தத் திரை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரிகிறதாம். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலை தாங்காது. அந்தச் சிலரில் நான் ஒருத்தி. படம் மாறும் வேகம் 120 ஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் போட்டவர்கள், அணைந்து எரியும் இந்த எண்ணைப் போடவில்லை.

குறிமுறை எழுதியது:

டீச்சர், இது உண்மையான பிரச்சினைதான். பல வருஷமா நிறைய அமோலெட் திரைகள் 240 ஹெர்ட்ஸ் அளவில்தான், அதாவது நொடிக்கு 240 தடவைதான் துடித்தன. இப்போது சில கம்பெனிகள் 1,920, 3,840 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தி, அதை விளம்பரமும் செய்கிறார்கள். உங்க போனில் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஃப்ளிக்கர் குறைப்பு அல்லது டிசி டிம்மிங் என்று இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் அறை விளக்கை எரியவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்துப் படியுங்க.

ஆனா இதிலும் நான் சொல்வது ஒன்றுதான். அமோலெட்டால் பலனடைந்தவர்கள் ரொம்பப் பேர். வெயிலில் தெளிவாத் தெரியுது, கறுப்பு கறுப்பாவே இருக்கு. சிலருக்கு ஒத்துக்கலைன்னு தொழில்நுட்பமே பின்னாடி போகணுமா?

நாகை நெய்தல் எழுதியது:

பின்னாடி போக வேண்டாம் தம்பி, இருந்ததைப் பிடுங்காம இருந்தால் போதும்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரை ஏறின ராத்திரி. எங்க வீட்டு ஓடு பறந்து தென்னை மட்டையெல்லாம் உள்ளே கிடக்கு. கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்துல டவரும் இல்லை. கையில இருந்த போன்ல இயர்போனைச் செருகி எஃப்எம் வெச்சேன். அந்த ஒயர்தான் ஆன்டெனா. புயலோட கண் கடந்திருச்சா, எதிர்க்காத்து இன்னும் வருமான்னு அதுலதான் தெரிஞ்சுது. எதிர்க்காத்துதானே ஆளைக் கொல்லும். பக்கத்து வீட்டுக்காரங்க வெளியே கிளம்ப இருந்தாங்க, நான்தான் பிடிச்சு நிறுத்தினேன்.

போன வருசம் வாங்கின போன்ல இயர்போன் ஓட்டையும் இல்லை, எஃப்எம்மும் இல்லை. போன்களில் எஃப்எம் இருக்கணும்னு 2023-லேயே மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கம்பெனிக்காரங்களைக் கேட்டுக்கிட்டது. கேட்டுக்கிட்டதோட நின்னு போச்சு.

குறிமுறை எழுதியது:

ஐயா, அந்த ராத்திரியை நான் மறுக்கவில்லை. கரையோரத்தில் இருப்பவர் கண்டிப்பா ஒரு சின்ன பேட்டரி ரேடியோ வாங்கி வைக்கணும் என்றுதான் நான் சொல்வேன், போன் சார்ஜ் தீர்ந்தாலும் அது பேசும்.

நாகை நெய்தல் எழுதியது:

வாங்கியும் வெச்சிருந்தோம் தம்பி. அந்த ராத்திரி அது எந்த ஓட்டுக்கு அடியில கிடந்ததுன்னு விடிஞ்சுதான் தெரிஞ்சுது. உசிருக்குப் பயந்து ஓடறவன் கையில போன்தான் இருக்கும்.

மதுரை சர்வீஸ் எழுதியது:

இயர்போன் ஓட்டை விசயத்துல ஒரு கம்பெனி எடுத்தா அடுத்தவனும் எடுத்துர்றான். 2016-ல ஐபோன் 7-ல எடுத்தப்ப கேலி பண்ணுன சாம்சங், 2019-ல நோட் 10-ல தானும் எடுத்திருச்சு. 2020-ல ஐபோன் 12 பெட்டியில சார்ஜர் இல்லை, அடுத்த சனவரியில சாம்சங் எஸ்21 பெட்டியிலயும் இல்லை. வாங்குறவனுக்குத் தப்பிச்சுப் போக இடமே இல்லை.

புதுசுன்னாலே கூடுதல்ங்கிறதும் கிடையாது. போனுக்கு மூளையா இருக்குற ஸ்னாப்டிராகன் 690 சிப், 4கே-ங்கிற ரொம்பத் தெளிவான வீடியோ எடுக்கும். அதுக்கடுத்து 2021-ல அறிவிச்ச 695 எடுக்காது, அதை விடத் தெளிவு கம்மியான 1080-தோட நிறுத்திக்கிரும். நம்பர் ஏறுச்சு, வசதி இறங்குச்சு. கல்யாண வீட்டுல வீடியோ எடுத்துட்டு வந்து "ஏன் மங்கலா இருக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

குறிமுறை தம்பி, பாதுகாப்பு அப்டேட்டுன்னு சொன்னீங்க. ஆர்டிஓ சலான்னு வாட்ஸ்அப்ல வந்த ஏபிகே-வை (ப்ளே ஸ்டோருக்கு வெளிய இருந்து வர்ற ஆப் ஃபைலை) இன்ஸ்டால் பண்ணிப் பணத்தை விட்டவங்க மூணு பேரு என் கடைக்கு வந்தாங்க. மூணு பேர் கையிலயும் புது போன்.

குறிமுறை எழுதியது:

அண்ணே, நல்ல உதாரணம் எடுத்தீங்க. அந்தத் திருட்டு ஆப்களில் பல, உள்ளே வந்ததும் முதலில் கேட்பது அக்சஸிபிலிட்டி அனுமதியைத்தான். அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கும், நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தும். ஜவுளி சாரின் ரெக்கார்டிங் ஆப் நுழைந்ததும் அதே வாசல் வழியாகத்தான். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, வெளியிலிருந்து இன்ஸ்டால் செய்த ஆப்புக்கு அந்த அனுமதியை நேரடியாகக் கொடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்காங்க. பூட்டை மெனக்கெட்டுத் திறந்து கொடுப்பவரைக் காப்பாற்ற முடியாது, ஆனா பதற்றத்தில் அழுத்துபவர் கொஞ்சமாவது தடுக்கப்படுவார். பழைய போனில் அந்தப் பூட்டே இல்லை.

அதனால் "எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க" என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். சென்சாரை எடுத்தது காசை மிச்சம் பிடிக்க. ரெக்கார்டிங்கை அடைத்தது திருடனைத் தடுக்க. ரெண்டுக்கும் ஒரே கோபம் வேண்டாம்.

ஈரோட்டு ஜவுளி எழுதியது:

தம்பி, இது எனக்கு வெளங்குதுங்க. அதே வாசல்னு சொன்னதும்தான் வெளங்குச்சு. ரெக்கார்டிங் மேல இருந்த கோபம் போயிடுச்சு. சென்சார் மேல இருக்கறது போகாது.

பழைய போனுக்கே பேட்டரி மாத்திக்கலாமான்னு பார்க்கறேன். சர்வீஸ் தம்பி, கிடைக்குமுங்களா?

மதுரை சர்வீஸ் எழுதியது:

பேட்டரி கிடைக்கும்ணே. ஒரிஜினல் கிடைக்குமான்னா, 2019 மாடலுக்கு நெஞ்சைத் தொட்டு என்னால சொல்ல முடியாது. ஒரிஜினல்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்றது நிறைய டூப்ளிகேட், ஆறு மாசத்துல உப்பி பின் மூடியைத் தள்ளிரும். உங்க கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை கேட்டுருங்க. ஐரோப்பாவுல 2025 சூன் 20-ல இருந்து, விற்பனை நிறுத்துன பிறகும் ஏழு வருசத்துக்குப் பாகம் கொடுக்கணும், அஞ்சு வருசத்துக்கு அப்டேட் கொடுக்கணும்னு சட்டமே வந்திருச்சு. நம்ம ஊருல அப்படி ஒரு சட்டம் வந்தா எனக்குப் பாதித் தலைவலி தீந்துரும்.

டியூஷன் டீச்சர் எழுதியது:

குறிமுறை தம்பி, செட்டிங்கில் அந்தப் பட்டன் இருந்தது. போட்டு பத்து நாள் ஆகிறது. வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. இருட்டில் படிப்பதை விட்டுவிட்டேன், அது எனக்குப் பெரிய இழப்பு.

ஈரோட்டு ஜவுளி எழுதியது:

சர்வீஸ் சென்டர்ல பேட்டரி கிடைச்சுதுங்க, 1,600 ரூபாய். இப்ப பழைய போன்ல கடை நம்பர் மட்டும், பேச மட்டும். பேங்கு, யுபிஐ எல்லாம் புதுசுக்கு மாத்திட்டேன். பழசுல இருந்த ரெக்கார்டிங் ஆப்பையும் எடுத்துட்டேன். கொல்லத்துக்காரர்கிட்ட, "பேசி முடிச்சதும் சீட்டுல எழுதி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ போட்டுருங்க"ன்னேன். முதல் சீட்டு வந்துடுச்சு, மலையாளத்துல எழுதியிருந்தாரு, எண்ணு மட்டும் படிக்க முடிஞ்சுது. மறுபடி கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டேன்.

குறிமுறை எழுதியது:

நல்லது சார்.

நான் ஒன்று சொல்லணும். எங்கம்மா திருத்துறைப்பூண்டியில் இருக்காங்க. போன தீபாவளிக்கு அவங்களுக்கு நான்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். "பேசிட்டே இருக்கேன், உனக்குக் கேக்கவே மாட்டேங்குது, தானா கட் ஆகுது"ன்னு ஆறு மாசமா சொல்லிட்டு இருந்தாங்க. "சரியாப் பிடிக்கத் தெரியலைம்மா உனக்கு" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன். இந்த வாரம் ஊருக்கு வந்ததும் சர்வீஸ் அண்ணன் சொன்ன மாதிரி கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். திரை அணையவே இல்லை. அம்மா காதில் வைத்துப் பேசச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கன்னத்தில் வெளிச்சம் அடிச்சுட்டே இருக்கு, தோடு பட்டு கால் கட் ஆனது.

சார், அம்மாவிடம் இப்போதைக்கு என்ன செய்யச் சொல்லட்டும்?

ஈரோட்டு ஜவுளி எழுதியது:

காதுல வெச்சதும் பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கச் சொல்லுங்க தம்பி, திரை அணைஞ்சுக்கும், பேச்சு அப்படியே ஓடும். நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனா முதல்ல, பவர் பட்டனை அமுக்கினா கால் கட் ஆகுங்கற செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அதை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் சொல்லிக் கொடுங்க.