சென்னை ஓரத்துக் கீரைக் கொல்லை: சென்னையை ஒட்டிய நிலத்தில் கீரை போட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கீரைப்பாத்தி:
செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் அரை ஏக்கர் இருந்தாலே கீரை கைகொடுக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பறித்த கீரை மறுநாளே வாடிவிடுவதால் தூரத்து ஊர்ச் சரக்கு போட்டிக்கு வராது. சாயங்காலம் பிடுங்கி, வேர்மண் அலசி, கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி விடியுமுன் கோயம்பேடு சேர்த்துவிட வேண்டும்.

ஏக்கருக்கு 1 கிலோ விதை போதும். பொடி விதை என்பதால் மணல் கலந்து தூவுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொட்டி நெருக்கமாக முளைக்கும். நெருக்கமும் சாயங்காலத் தண்ணீரும் சேர்ந்தால் இலைக்கு அடியில் வெள்ளைத் துரு நோய் வரும். காலையில் பாய்ச்சுங்கள். நிலம் முழுக்க ஒரே நாளில் விதைக்க வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு பாத்தி விதைத்தால், விலை விழும் அன்று அடி ஒரு பாத்தியோடு போகும்.

புழுவுக்கு: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து அடியுங்கள். ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். 25 நாள் பயிரில் அதன் நஞ்சு நீங்க நாளே கிடையாது.

கிணற்றடி:
எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள். சாக்கடை கலந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்து அதிகம், கீரை பச்சைப்பசேல் என்று வரும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆலைக்கழிவும் கலந்திருந்தால் ஈயம், காட்மியம் இலைக்குள் ஏறிவிடும், எத்தனை முறை அலசினாலும் போகாது. சந்தேகமான தண்ணீர் என்றால் கீரையை விட்டுவிட்டு மல்லிகை, சம்பங்கி என்று பூ போடுங்கள். வேறு வழி இல்லை, சாப்பிடுவது குழந்தைகள்.

புலப்படம்:
பக்கத்து நிலம் மனைப்பிரிவாகி மண் கொட்டி உயர்ந்தால், ஐப்பசி மழைத் தண்ணீர் முழுவதும் உங்கள் பாத்தியில்தான் நிற்கும். கீரை வேர் சீக்கிரம் அழுகிவிடும். புலப்பட (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வருவாய்த்துறை வரைபடம்) நகல் வாங்கி வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மண் கொட்டும் முன்பே தாசில்தாரிடம் அளவைக்கு மனு கொடுத்துவிடுங்கள், மூடிய பிறகு தோண்ட வைப்பது பெரும்பாடு.

விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சியின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கேட்கலாம். ஆனால் விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் பயிர் செய்ததைக் காட்ட வேண்டும். அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு) நகலை ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள்.