பெட்டியில் 200 ஆம்ப், பிளக்கில் 16 ஆம்ப்

குழு: கணபதி வீடு
ஞாயிறு, காலை 8:05

தம்பி: பெட்டி வந்துவிட்டது! வெல்டிங் மிஷின், 4 இன்ச் கிரைண்டர், டிரில் பிட் செட், டிஜிட்டல் வெர்னியர் (மி.மீ. கணக்கில் நுணுக்கமாக அளக்கிற கருவி). எல்லாம் ஆன்லைனில். ஷெட்டுக்கு இனி கேட் நானே அடிப்பேன். (படம்)

பீளமேடு அத்தை: நல்லாயிருக்கு சாமி. முதல் வேலை எனக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு.

சூலூர் மாமா: எவ்வளவு ஆச்சு?

தம்பி: தள்ளுபடி போக 9,400 மாமா.

சூலூர் மாமா: நாலும் சேர்த்தா? தள்ளுபடி கொடுத்தவன் உன்னைவிடச் சந்தோஷமாக இருப்பான்.

லேத் சித்தப்பா: பிரிக்கும்போது வீடியோ எடுத்தாயா கண்ணு?

தம்பி: எடுத்தேன் சித்தப்பா. அக்கா சொல்லியிருந்தாள். டேப்பைக் கிழித்ததிலிருந்து சீரியல் நம்பர் வரைக்கும் ஒரே வீடியோ, நடுவில் நிறுத்தவே இல்லை.

லேத் சித்தப்பா: சரி. மிஷினின் முன்பக்கம் எனக்கு வேண்டாம், அங்கே எல்லோரும் பெரிய நம்பர்தான் ஒட்டுவார்கள். பின்னாலோ அடியிலோ ஒரு பிளேட் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு. பிளக்கையும்.

தம்பி: (படம்) (படம்) பிளேட்டிலும் 230 வோல்ட், 200 ஆம்ப் என்று மட்டும்தான் இருக்கிறது. பிளக் 16 ஆம்ப்.

8:21

லேத் சித்தப்பா: வாயால் சொல்லித்தான் டைப் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பில் ஆர்க், அதாவது ராடு நுனியில் வருகிற மின்பொறி, எரியும்போது 28 வோல்ட் இருக்க வேண்டும். 200-ஐ 28-ஆல் பெருக்கினால் 5,600 வாட். அது ராடு முனையில் வருவது மட்டும். மிஷினுக்குள் சூடாகப் போவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 6,500 வாட் பக்கம் இழுக்க வேண்டும். 16 ஆம்ப் பிளக் வழியாக 230 வோல்ட்டில் போகக்கூடியது 3,680 வாட். மீதியை யார் தருவார்கள்? உங்கள் மாமாவா?

சூலூர் மாமா: என்னை எதற்கு இழுக்கிறீர்கள் மச்சான்.

சென்னை அக்கா: அந்த 28 எங்கிருந்து வந்தது சித்தப்பா?

லேத் சித்தப்பா: ஆம்பை 0.04-ஆல் பெருக்கி 20 கூட்டு. ராடு வெல்டிங்குக்கு அதுதான் கணக்கு. ஒழுங்காகச் செய்கிற கம்பெனி அந்த வோல்ட்டையும் பிளேட்டில் அடித்திருக்கும். இன்னொரு கட்டத்தில் 60% என்று போட்டு அதற்கு நேராக ஓர் ஆம்ப் இருக்கும். 10 நிமிடத்தில் 6 நிமிடம் அந்த ஆம்பில் அடிக்கலாம், மீதி 4 நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கட்டமே இல்லையென்றால் அது பிளேட் இல்லை, ஸ்டிக்கர்.

தம்பி: அப்போ ஏமாந்துவிட்டேனா?

லேத் சித்தப்பா: முழுதாக இல்லை. கேட்டுக்கு 12 கேஜ் ராடு போதும், அதாவது 2.5 மி.மீ. அது 70, 80 ஆம்பில் எரியும். அதற்கு 2,200 வாட் பக்கம்தான் இழுக்கும், உன் பிளக் தாங்கும். அதைவிடத் தடித்த 10 கேஜ் ராடைத் தொடர்ந்து அடித்தால்தான் தெரியும் சங்கதி. ஆனால் 200-க்கு அல்லவா காசு வாங்கியிருக்கிறான்? சரி, ஒரு பிளேடு எடு. எர்த் கிளாம்ப் மாட்டின இடத்தில் கேபிள் இழை வெளியே தெரியும். ஒரே ஒரு இழையைச் சுரண்டிப் பார்.

8:40

தம்பி: மேலே செம்பு நிறம். ரெண்டு சுரண்டில் உள்ளே வெள்ளையாக வருகிறது. (படம்)

லேத் சித்தப்பா: அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. கையில் தூக்கினபோதே கேபிள் லேசாக இருந்திருக்குமே? 16 ஸ்கொயர் (ச.மி.மீ.) கேபிளில் மீட்டருக்குச் செம்பு மட்டும் 140 கிராம் வரும். அலுமினியம் 43 கிராம்தான். சூடும் அதிகமாகும், ஹோல்டர் பக்கம் ரப்பர் இளகும்.

தம்பி: விற்கிற பக்கத்தில் "முழுச் செம்பு கேபிள்" என்று போட்டிருக்கிறான்!

சென்னை அக்கா: அதை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடு. நாளைக்கு அந்த வரி அங்கே இருக்கும் என்று நம்பாதே. ரிட்டர்ன் போடும்போது "பிடிக்கவில்லை" என்று தட்டாதே, "சொன்னது வேறு, வந்தது வேறு" என்கிற காரணத்தைத் தேர்ந்தெடு. சுரண்டின படத்தையும் சேர். முடியாது என்றால் 1915-க்குக் கூப்பிடு, நுகர்வோர் உதவி எண்.

சூலூர் மாமா: இதற்குத்தான் கடையில் போய் வாங்கு என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன்.

லேத் சித்தப்பா: கடையிலும் இதே கேபிள் தொங்குகிறது மாப்பிள்ளை. சுரண்டிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

சென்னை அக்கா: பொருள் தேடும்போது 5 ஸ்டாரும் 1 ஸ்டாரும் பார்க்காதே. 3 ஸ்டார் போட்டவர்கள்தான் பொறுமையாக எழுதுவார்கள். ஒரு தடவை டிரில் மிஷின் பக்கத்தில் விமர்சனம் படித்துக்கொண்டே போனால், ஒருத்தர் "மூடி நன்றாகப் பொருந்துகிறது, லட்டு வைக்க வசதி" என்று எழுதியிருந்தார். பழைய பொருளின் விமர்சனங்கள் மேலேயே புதுப் பொருளை ஏற்றியிருந்தார்கள்.

பீளமேடு அத்தை: 😂 எனக்கு அந்த டப்பா லிங்க் அனுப்பு.

9:02

லேத் சித்தப்பா: கிரைண்டரில் கார்டு, அதாவது வீலை மறைக்கிற தகடு, இருக்கிறதா? இலவசமாக வந்த கட்டிங் வீலின் நடு ரிங்கில் ஒரு மாதமும் வருஷமும் அடித்திருக்கும், படி.

தம்பி: கார்டு இருக்கிறது. ரிங்கில் 01/2023.

லேத் சித்தப்பா: அது காலாவதித் தேதி. குப்பையில் போடு. போடுவதற்கு முன் ரெண்டாக உடைத்துவிடு, யாராவது எடுத்து மாட்டப் போகிறார்கள். வீலைப் பிடித்து நிறுத்துவது பிசின்தான், நாளாக ஆக அதற்குப் பலம் போய்விடும். 4 இன்ச் வீல் நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை தாங்கும் என்று போட்டிருக்கும், கிரைண்டர் 11,000, 12,000 சுற்றில் ஓடும், அதுவரை சரி. 7 இன்ச் வீல் 8,500 வரைதான். கார்டைக் கழற்றிவிட்டு அதை 4 இன்ச் மிஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஷெட்டில் ஒருத்தர் மாட்டினார். தண்ணீர் டிரம்முக்கு மேலே கூரை ஷீட்டில் ஒரு வெட்டு இருக்கிறதே, மழை வந்தால் ஒழுகுமே, அது அந்த வீல் போன வழி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய அப்பா அம்மா செய்த புண்ணியம்.

பீளமேடு அத்தை: தம்பி, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் செருப்பு ஸ்டாண்டே வேண்டாம்.

நான்: டிரில் பிட் தங்க நிறமா? நானும் போன வருஷம் "டைட்டானியம்" என்று ஒரு செட் வாங்கினேன். எவர்சில்வர் தகட்டில் மூன்று ஓட்டை போட்டேன். மூன்றாவதில் தங்கமும் போச்சு, முனையும் போச்சு.

லேத் சித்தப்பா: அது மேல்பூச்சுதான். ஒரு தடவை சாணை பிடித்தால் முனையில் பூச்சு இருக்காது, உள்ளே என்ன இரும்போ அதுதான் வெட்டும். எவர்சில்வருக்கு எம்35 என்று போட்டதை வாங்கு, 5% கோபால்ட் இருக்கும். மெதுவாக ஓட்டு, எண்ணெய் விடு. நீ வேகமாக ஓட்டியிருப்பாய்.

நான்: ஓட்டினேன்.

9:15

பீளமேடு அத்தை: அண்ணா, நானும் ஒன்று கேட்கவா? திரைச்சீலைக்கு அளக்க இரும்பு டேப் வாங்கினேன். முனையில் இருக்கிற கொக்கி லொடலொட என்று ஆடுகிறது. திருப்பி அனுப்பப் போட்டுவிட்டேன், நாளைக்கு ஆள் வருகிறான்.

லேத் சித்தப்பா: ஐயோ அம்மிணி, நிறுத்து! அது ஆடத்தான் வேண்டும். வெளியே மாட்டி இழுத்தால் கொக்கி முன்னால் நகரும், உள்ளே முட்டுக்கொடுத்து அளந்தால் பின்னால் போகும். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆட வேண்டும். அப்போதுதான் ரெண்டு அளவும் ஒன்றாக வரும்.

சூலூர் மாமா: எங்கள் வீட்டு டேப்பில் ஆடினதால் நான் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேனே.

லேத் சித்தப்பா: அதனால்தான் உங்கள் வீட்டு அலமாரிக் கதவு சாத்துவதில்லை.

9:30

தம்பி: கடைசியாக வெர்னியர். 0.01 மி.மீ. வரை காட்டும் என்கிறான். எப்படிப் பார்ப்பது?

லேத் சித்தப்பா: வெர்னியரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடி, நடுவில் ஒளி கசியக் கூடாது. அப்புறம் நேற்று ஃபேனுக்கு வாங்கின 6202 பேரிங் பிரிக்காமல் இருக்கிறதல்லவா? அதன் வெளி அளவு 35 மி.மீ. நல்ல பேரிங் என்றால் 0.011 வரை குறையலாம், கூடவே கூடாது. காசு கொடுத்து ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) வாங்காமல் நமக்கு அதுதான் மாஸ்டர். திரையில் 0.01 வரை காட்டினாலும் இந்த மாதிரி வெர்னியர் 0.02, 0.03 முன்னே பின்னே போவது சகஜம்.

9:44

தம்பி: ஒளி கசியவில்லை. ஐந்து தடவை அளந்தேன். 34.99, 34.99, 35.00, 34.99, 34.99. (படம்)

லேத் சித்தப்பா: என்ன விலை?

தம்பி: 850.

லேத் சித்தப்பா: பரவாயில்லையே. வைத்துக்கொள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வை. இந்த ரகத்தில் சிலது திரையை அணைத்தாலும் உள்ளே கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

தம்பி: சித்தப்பா, உங்கள் ஜப்பான் வெர்னியரிலும் அதே பேரிங்கை அளந்து பார்ப்போமா? நான் இப்போதே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

லேத் சித்தப்பா: வா, வா. 22 வருஷமாக அதைத்தான் பிடிக்கிறேன்.

10:20

சூலூர் மாமா: என்ன ஆச்சு? ரெண்டு பேரையும் காணோம்.

10:26

தம்பி: வாய் நுனியில் அளந்தால் சித்தப்பாவுடையது 34.94 காட்டுகிறது. உள்ளே தள்ளி அளந்தால் 35.00.

பீளமேடு அத்தை: அப்படியென்றால்?

நான்: நுனி தேய்ந்திருக்கிறது அத்தை. 22 வருஷம் நுனியிலேயே பிடித்திருக்கிறார்.

சூலூர் மாமா: மச்சான்? லைனில் இருக்கிறீர்களா?

10:41

லேத் சித்தப்பா: தம்பி, அந்த 850 ரூபாய் வெர்னியரின் லிங்க்கை எனக்குத் தனியாக அனுப்பு. குழுவில் போடாதே.